பங்கா, சீரா?

பாப்பிரெட்டிப்பட்டியில் புளிக் காலத்தில் திண்ணையில் உட்கார்ந்து கொட்டை எடுக்கும்போது, பொழுது போகக் கேள்வி விளையாட்டு விளையாடுவோம். கோடி ரூபாயா, கோபப்படாத புருஷனா? பட்டணத்தில் வாடகை வீடா, ஊரில் சொந்த வீடா? எந்தப் பதில் வந்தாலும் சிரிப்புதான். ஒருநாள் நான் கேட்டேன்: “அப்பா நிலத்துல பங்கா, அண்ணன் வீட்டுச் சீரா?”

சிரிப்பு நின்றது. “சீருதான்” என்றார்கள், ஏறக்குறைய எல்லோரும்.

சட்டம் தெரியாமல் சொல்லவில்லை. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் செய்தது. அதற்கு முன்பே மணமானவர்களை மட்டும் விட்டுவிட்டது. 2005இல் வந்த மத்தியத் திருத்தம் மணமான மகள்களையும் சேர்த்துக்கொண்டது.

“நாளைக்கு அவரு அடிச்சு வெரட்டினா, எந்த வாசல்ல போயி நிக்கறது?” என்றார் ஓர் அக்கா. இதை ஏமாளித்தனம் என்று நான் சொல்லமாட்டேன். திறந்திருக்கும் ஒரு கதவுக்கு அவர் கொடுக்கும் விலை அந்த நிலம். அந்த நிலம் அவர் பேரில் இருந்தால் எந்த வாசலிலும் நிற்கவேண்டியதில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

அவராகத்தானே விரும்பி விட்டுக்கொடுத்தார் என்கிறோம். அந்த ‘அல்லது’வை வைத்தது யார்? நிலமா, தங்கச்சியா என்று அண்ணனிடம் யாரும் கேட்பதில்லை. அவருக்கு இரண்டும் உண்டு.

பங்கை விட்டுக்கொடுத்து சார்பதிவாளர் அலுவலகத்தில் அவர் கையெழுத்திடும் தாளுக்குப் பெயர் விடுதலைப் பத்திரம். யாருக்கு விடுதலை? அடுத்த ஆட்டத்தில் அண்ணன்களையும் உட்காரவைத்துக் கேட்கவேண்டும்.