பேகனின் போர்வையும் நாய்க்கு ஒரு பரிசும்

பழனி மலைப்பகுதியை ஆண்ட ஆவியர் குடித் தலைவன் பேகன், குளிரில் நடுங்குவதாக எண்ணி ஒரு மயிலுக்குத் தன் போர்வையைக் கொடுத்தான். கடையெழு வள்ளல்களில் ஒருவனாக அவனை இன்றும் நாம் நினைவில் வைத்திருப்பது இந்த ஒரு செயலுக்காகத்தான். மயில் அதை உடுத்தாது, போர்த்திக்கொள்ளாது என்று அவனுக்கே தெரியும் எனப் பரணர் புறநானூற்றில் பாடுகிறார். தெரிந்தும் கொடுத்தான் என்பதே அங்கே புகழ். பள்ளியில் இந்தக் கதையைக் கேட்கும் குழந்தைக்கு ஒரு கேள்வி எழும்: மயிலுக்குப் போர்வை எதற்கு? கொடைமடம், அதாவது தகுதி பாராமல் கொடுக்கும் பேதைமை, என்று ஒரு பெயரைச் சொல்லிப் பெரியவர்கள் அதைக் கடந்துவிடுகிறோம். ஆனால் அந்தக் கேள்வி இன்று நம் வீட்டு வாசலுக்கே வந்திருக்கிறது. நாய் வளர்க்கும் நண்பருக்குப் பிறந்தநாள் வருகிறது. பல வீடுகளில் நாய்க்கும் பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள். சட்டை, தொப்பி, கேக், மணி வைத்த கழுத்துப்பட்டை எல்லாம் கடைகளில் கிடைக்கின்றன. எதை வாங்குவது என்பது வெறும் கடைத்தெருக் கேள்வி போலத் தோன்றலாம். அது அறத்தைப் பற்றிய கேள்வி என்று நான் நினைக்கிறேன். கேட்கவோ மறுக்கவோ இயலாத உயிருக்குக் கொடுக்கும்போது, அதற்கு என்ன தேவை என்று அறிந்துகொள்ளும் உழைப்பே கொடையின் பெரும்பகுதி. அந்த உழைப்பு இல்லாவிட்டால், கொடுத்த பொருள் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும், நம் மகிழ்ச்சிக்காக நாமே வாங்கிக்கொண்ட பொருள்தான் அது.

கொடையை எடைபோட நம் மரபு நூல்கள் சில அளவுகோல்களைத் தந்திருக்கின்றன. திருக்குறளின் ஈகை அதிகாரம் இல்லாதவருக்குக் கொடுப்பதை மட்டுமே ஈகையாக ஒப்புக்கொள்கிறது. மற்றவை திரும்பி வரும் என்ற கணக்கில் தருபவை. பகவத் கீதையின் 17-ஆம் அத்தியாயம் தானத்தை மூன்று வகையாகப் பிரித்து, கைம்மாறு செய்யாதவருக்கு உரிய இடத்திலும் காலத்திலும் தகுதி அறிந்து தருவதை முதலிடத்தில் வைக்கிறது. இந்த அளவுகோல்களின்படி பார்த்தால், தெருவோரத்தில் சொறிபிடித்துக் கிடக்கும் ஒரு நாயைவிடச் சிறந்த பாத்திரம் கிடைப்பது அரிது. நாளை நம் வீட்டு விசேஷத்துக்கு அது மொய் வைக்கப்போவதில்லை. நம் பெயரை எங்கும் பொறிக்கப்போவதும் இல்லை. பௌத்தம் இங்கே சற்று வேறுபடுகிறது. மஜ்ஜிம நிகாயத்தின் தக்கிணவிபங்க சுத்தம் தானம் பெறுவோரை ஒரு வரிசையில் அடுக்கி விலங்கைக் கடைசியில் நிறுத்துகிறது. ஆனாலும் விலங்குக்குத் தந்த தானத்துக்கும் நூறு மடங்கு பலன் உண்டு என்கிறது. அந்த வரிசையை என்னால் ஏற்க முடியவில்லை. பலனைக் கணக்கிட்டுப் பெறுநரைத் தேடத் தொடங்கினால், கண்ணெதிரே தவிக்கும் உயிர் கண்ணில் படாமல் போய்விடும். விலங்குக்குத் தருவதும் தானமே என்று அந்த நூல் ஐயமின்றி ஒப்புவதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

வாய்பேசா உயிருக்கு எதைக் கொடுப்பது என்ற கேள்விக்கு மிகத் தெளிவான விடை ஒரு நபிமொழியில் இருக்கிறது. சஹீஹ் புகாரியிலும் சஹீஹ் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ள அந்தச் செய்தியில், வழிப்போக்கன் ஒருவன் கடுந்தாகத்தோடு ஒரு கிணற்றில் இறங்கித் தண்ணீர் குடிக்கிறான். மேலே ஏறி வந்தால், தாகம் தாளாமல் ஈரமண்ணை நக்கிக்கொண்டு ஒரு நாய் நிற்கிறது. சற்றுமுன் தனக்கிருந்த தாகமே இதற்கும் இருக்கிறது என்று அவன் உணர்கிறான். மீண்டும் கிணற்றில் இறங்கி, தன் தோல் காலுறையில் தண்ணீர் நிரப்பி, அதைப் பல்லில் கவ்விக்கொண்டு ஏறி வந்து நாய்க்குப் புகட்டுகிறான். இறைவன் அவன் பாவங்களை மன்னித்தான் என்று அந்தச் செய்தி முடிகிறது. பலரும் இதை இரக்கத்தின் கதையாகச் சொல்வார்கள். எனக்கு இதில் பெரிதாகப் படுவது அந்த மனிதனின் கவனம். நாய் எதற்காக மண்ணை நக்குகிறது என்று அவன் பார்த்தான்; பார்த்ததைத் தன் உடல் அறிந்ததோடு ஒப்பிட்டான்; இல்லாதது எதுவோ அதையே கொடுத்தான். வேறு எதைக் கொடுத்திருந்தாலும் அந்த நாய் தவித்துக்கொண்டுதான் இருந்திருக்கும். பெறும் உயிரிடம் இல்லாதது எது என்பதே கொடையின் அளவுகோல்; கொடுப்பவரிடம் இருக்கும் அன்பு அதற்கு ஈடாகாது.

மனிதர்களிடையே இந்த அளவுகோல் தவறினாலும் பெரிய சேதம் இல்லை. பிடிக்காத புடவையைப் பீரோவில் வைத்துவிடலாம், வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். நாய்க்கு அந்த வசதி கிடையாது. நாம் மாட்டிவிடும் சட்டையை அது சுமந்துதான் ஆக வேண்டும். நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. சென்னையின் மே மாத வெயிலில் அதற்குச் சரிகை வைத்த கோட்டு மாட்டிவிட்டுப் படம் எடுப்பவர், அன்பின் பெயரால் அதைத் துன்புறுத்துகிறார். உணவில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். சாக்லேட்டிலுள்ள தியோபுரோமின் நாய்க்கு நஞ்சு. திராட்சையும் கிஸ்மிஸும் அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயம் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சர்க்கரை இல்லாத மிட்டாய்களில் சேர்க்கும் சைலிட்டால் சிறிதளவே உயிருக்கு ஆபத்தாகலாம். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலே ஒத்துக்கொள்வதில்லை. உயர்ந்த விலை கொடுத்து வாங்கிய கிஸ்மிஸ் கேக் ஒரு நாயைக் கால்நடை மருத்துவமனைக்கு அனுப்பிவிடலாம். அறியாமல் செய்தது என்று நாம் நம்மை மன்னித்துக்கொள்ளலாம். விசாரித்தால் அரைமணி நேரத்தில் அறிந்திருக்கக்கூடியதை அறியாமல் விட்டது நம் குற்றம்தான்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. கொடையில் மனம்தானே முக்கியம், பேகனை உலகம் புகழ்ந்தது அதற்காகத்தானே என்று கேட்கலாம். ஆம், புகழ்ந்தது. ஆனால் அந்தப் புகழைப் பாடிய பரணரே அவனிடம் இன்னொரு முறை வேறொரு வேண்டுகோளோடு சென்றார். பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்திருந்தான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் அவளுக்காக அவனிடம் பாடினார்கள். மயிலுக்காக இரங்கியவனே என்று அவனை விளித்த பரணர், தாம் பசித்து வரவில்லை, சுற்றத்தைத் தாங்கும் சுமையும் தமக்கு இல்லை, இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரைத் தீர்ப்பதே தாம் கேட்கும் பரிசில் என்றார். புறநானூற்றில் இந்தப் பாடல்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. மயிலின் குளிரைக் கற்பனை செய்து பார்க்க முடிந்தவனுக்குத் தன் வீட்டில் அழுதுகொண்டிருந்தவளின் துயரம் எட்டவில்லை. பேகனின் உள்ளம் பெரியது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. உள்ளம் மட்டும் போதாது என்பதைப் புலவர் நால்வர் அவன் முகத்துக்கு நேரே சொன்னார்கள். நல்ல மனம் கொடையைத் தொடங்கிவைக்கும். அது சேர வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோவது அறிவு.

நாயை நேசிப்பவருக்கு நாய்க்குட்டியையே பரிசாகத் தருவது இன்னும் பெரிய தவறு. தென்மாவட்டங்களில் கன்னி நாயை மணமகளுக்குச் சீராகக் கொடுக்கும் வழக்கம் இருந்ததாகச் சொல்வார்கள். அதைக் காட்டி இதுவும் நம் மரபுதானே என்று வாதிடலாம். அந்த நாய் அந்த மண்ணிலேயே பிறந்து, அந்த வெயிலுக்குப் பழகியது; காட்டையும் ஆட்டுக்கிடையையும் அறிந்த வீட்டிலிருந்து அப்படிப்பட்ட இன்னொரு வீட்டுக்குச் சென்றது. அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் வாழும் இளம் தம்பதிக்கு, அடர்ந்த ரோமமுள்ள குளிர்நாட்டு இனக் குட்டியொன்றை ரிப்பன் கட்டி நீட்டுவதற்கும் அதற்கும் என்ன உறவு? நாய் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வாழும் உயிர். இன்னொருவரிடம் கேட்காமலே அவரை அத்தனை ஆண்டுக் கடமைக்குள் தள்ள நமக்கு உரிமை இல்லை. 2017-இல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்த குட்டி நோய்க்கும் அச்சத்துக்கும் எளிதில் ஆளாகிறது. அதற்குமேல், பரிசாக வந்த ஆர்வம் அடங்கியதும் தெருவில் விடப்படும் அபாயமும் காத்திருக்கிறது.

மகாபாரதத்துக்கு நாயைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆதி பருவத்தின் தொடக்கப் பகுதியிலேயே ஜனமேஜயனின் வேள்விக்களத்தில், எதையும் தொடாத, எதையும் நக்காத ஒரு நாய்க்குட்டியை அரசனின் தம்பிகள் அடித்து விரட்டுகிறார்கள். தாய் சரமை வந்து என் பிள்ளை என்ன குற்றம் செய்தது என்று கேட்கிறது. யாரிடமும் பதில் இல்லை. சரமை சபித்துவிட்டுப் போகிறது. கதையின் மறுமுனையில், மகாபிரஸ்தானிக பருவத்தில், தம்பியரும் பாஞ்சாலியும் வழியில் விழுந்துவிட, தருமனோடு கடைசிவரை ஒரு நாய் நடந்து வருகிறது. தேருடன் வந்த இந்திரன் நாயை விட்டுவிட்டு வா என்கிறான். நம்பி வந்ததைக் கைவிடுவது பெரும்பாவம் என்று தருமன் சொர்க்கத்தையே மறுத்து நிற்கிறான். நாயின் வடிவில் வந்தது தருமதேவதை என்பது பிறகுதான் அவனுக்குத் தெரியும். தெரியாமலேயே எடுத்த முடிவு என்பதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது. தருமன் அந்த நாய்க்கு எந்தப் பொருளும் கொடுக்கவில்லை. கைவிடாமல் நின்றான். நாய் என்ற உயிருக்கு மனிதன் தரக்கூடியவற்றில் இதற்கு மேலானது இல்லை. இதைத் தர ஆயத்தமாக இல்லாத வீட்டுக்கு ஒரு குட்டியை அனுப்புவது அந்தக் குட்டிக்குச் செய்யும் அநீதி.

அடுத்த மறுப்பைத்தான் தெருவில் அதிகம் கேட்கிறோம். மனிதக் குழந்தைகள் பசியோடு இருக்கும்போது நாய்க்கு எதற்குச் செலவு? அதே நாய்கள்தானே அந்தக் குழந்தைகளைக் கடிக்கின்றன? இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நாயை நேசிப்பவர்கள் இதை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் ரேபிஸ் நோயால் இறக்கிறார்கள். கிட்டத்தட்ட எல்லாமே நாய்களால் வருபவை. இறப்பவர்களில் பெரும்பாலோர் ஏழைகள், அதிலும் சிறுவர்கள் நிறையப் பேர். இந்தியாவில் 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தெருநாய்கள் ஏறக்குறைய 1.53 கோடி. ஆனால் இந்த எண்களே விடையையும் காட்டுகின்றன. ஒரு பகுதியின் நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நாய்களிடையே நோய்ச்சங்கிலி அறுந்துவிடும் என்பது உலகம் ஏற்றுக்கொண்ட இலக்கு. கருத்தடை செய்த பெண்நாய்க்கு அடுத்த ஈற்றில் பிறந்து, வண்டியில் அடிபட்டும் பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களில் துடித்தும் சாகும் குட்டிகள் இருக்காது. ஆகவே ஒரு நாயின் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் கொடுக்கும் பணம் நாய்க்கும் தெருக்குழந்தைக்கும் சேர்த்துக் கொடுப்பது. மனிதனா விலங்கா என்று நம்மைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வாதம் இந்த இடத்தில் உடைந்துவிடுகிறது. சென்னையில் 1959-இல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் 1964-லேயே இந்தக் கருத்தடை வழியை முன்னெடுத்தது. 2023-ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் இதை உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பாக வைத்திருக்கின்றன.

அப்படியானால் சோறு போடுவது தவறா? இல்லை. பசியைப் போக்குவதே ஜீவகாருண்யத்தின் முதன்மை என்று கொண்ட வள்ளலார் 1867-இல் வடலூரில் தருமசாலையைத் தொடங்கினார். பசி எல்லா உயிருக்கும் பொதுவான துன்பம் என்ற அவர் பார்வையை மறுக்க யாராலும் முடியாது. ஆனால் சோறு மட்டும் போட்டுவிட்டு ஒதுங்குவது பாதிக் கொடை. குழந்தைகள் விளையாடும் இடத்திலும் மாடிப்படி ஓரத்திலும் கொட்டிவிட்டுப் போனால், நாய்க்கும் அக்கம்பக்கத்தாருக்கும் பகை வளரும். அடி வாங்குவது நாய். இடமும் காலமும் அறிந்து கொடு என்று கீதை சொன்னதன் பொருள் இங்கே கண்கூடாகிறது.

கடைசியாக, பரிசு பெறும் நண்பரின் மகிழ்ச்சி என்னாவது என்று கேட்கலாம். விலங்குக் காப்பகத்துக்கு நன்கொடையாகக் கட்டிய பண ரசீதைப் பரிசாக நீட்டுவது வறட்சியாகத் தோன்றும் என்பது உண்மைதான். ஆனால் நாயை உள்ளபடியே நேசிப்பவருக்கு, தன் பெயரில் ஒரு தெருநாய் நலமாக இருக்கிறது என்ற செய்தி போல இனிப்பது எது? வளர்த்த நாயை அண்மையில் இழந்தவருக்கு, அதன் பெயரால் இன்னொரு நாயின் அறுவை சிகிச்சைச் செலவை ஏற்பது ஆறுதலாகவும் அமையும். பணம் குறைவானவர்கள் வெயில் காலத்தில் வாசலில் ஒரு சிமென்ட் தொட்டியில் தினமும் தண்ணீர் மாற்றி வைக்கலாம். இரவில் வண்டிவிளக்கு பட்டு ஒளிரும் கழுத்துப்பட்டைகளை வாங்கித் தெருநாய்களுக்கு மாட்டிவிட நண்பரோடு சேர்ந்து போகலாம். நண்பர் ஊருக்குப் போகும்போது அவர் நாயை நான்கு நாள் பார்த்துக்கொள்வது எந்தக் கடையிலும் கிடைக்காத பரிசு. காப்பகங்களுக்கு வேண்டியவை பெரும்பாலும் பழைய படுக்கை விரிப்புகள், துண்டுகள், செய்தித்தாள்கள், அரிசி, மருந்து, வண்டிச் செலவு போன்ற சாதாரணப் பொருள்கள்தாம். ஆகவே அடுத்த முறை பரிசு வாங்கப் புறப்படும் முன், உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ உள்ள ஒரு விலங்குக் காப்பகத்துக்குத் தொலைபேசியில் பேசி, இந்த வாரம் என்ன குறைகிறது என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதையே வாங்குங்கள்.