மாத்திரைக்கும் திருநீறு

மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணி பக்கத்துத் தோட்டங்களில் யாருக்காவது மனம் கலங்கினால், குடும்பம் முதலில் தேடுவது என்னைப் போன்ற பூசாரிகளைத்தான். இல்லையென்றால் மலாய் மந்திரவாதியான போமோவை. காத்து கருப்பு அண்டிவிட்டது, செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அழைத்து வருவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றால், “தஞ்சோங் ரம்புத்தானுக்கா?” என்று முகம் வெளிறிவிடும். 1911-ல் திறந்த அந்த மனநல மருத்துவமனையின் ஊர்ப்பெயர் இங்கே வசைச்சொல்லாகிவிட்டது.

ரப்பர் மரத்தில் பால்வெட்டும் வேலையை விட்ட பிறகு முனியாண்டி கோயிலில் பூசை செய்து வருகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை, தாமான் குடியிருப்பிலிருந்து ஓர் அம்மா தன் மகனோடு வந்தார். பையன் ராத்திரியில் தூங்குவதில்லை, சுவரோடு பேசுகிறான். “ஆஸ்பத்திரிக்குப் போனீங்களாம்மா?” என்றேன். பைக்குள்ளிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்தார். பாதி அட்டை பிரிக்கவே இல்லை. “சாமி குத்தம் ஆயிருமோன்னு நிறுத்திட்டேன் சாமி” என்றார்.

அட்டைகளை வாங்கி முனியாண்டி காலடியில் வைத்தேன். கற்பூரம் காட்டினேன். பையன் நெற்றியில் திருநீறு பூசி, அட்டை மேலும் கொஞ்சம் தூவினேன். “டாக்டர் கையால முனியாண்டி குடுக்குறாரும்மா. டாக்டர் சொன்ன நேரத்துக்குக் குடுங்க. அவரைக் கேக்காம நிறுத்தாதீங்க” என்றேன். அந்த அம்மா முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டார்.

பார்த்துக்கொண்டிருந்த கோயில் நிர்வாகத் தம்பி ஒருவர் பிறகு கேட்டார்: “பூசாரி ஐயா, டாக்டர் எழுதின மருந்தை சாமி குடுத்ததுன்னு சொல்றது பொய் இல்லையா?”

நியாயமான கேள்வி. மழை பெய்தால் சாமி, பிள்ளை பிறந்தால் சாமி என்று கும்பிடுகிற நாம், மருந்தென்று வரும்போது மட்டும் சாமியை ஏன் வாசலில் நிறுத்துகிறோம்? உடம்பைப் பேணச் சொன்னவர் திருமூலர். மூளையும் அந்த உடம்பில் சேர்த்திதானே. மருந்தைக் கண்டு பொறாமைப்படுகிற தெய்வத்தை நான் கும்பிடவில்லை. திருநீறு மனநோயைத் தீர்க்கும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. தாயின் பயத்தை அது தணிக்கும். பயம் தணிந்தால் மாத்திரை உள்ளே போகும்.

பேய் என்று சொல்வதில் ஒரு நன்மையும் உண்டு. அதை நான் மறுக்க மாட்டேன். பழி நோயாளி மேல் விழுவதில்லை. சொந்தபந்தம் மொத்தமும் அவனுக்காகக் கூடி நிற்கும். ஆனால் செய்வினை என்றால் செய்தவர் ஒருவர் வேண்டுமே. மருமகளையோ பக்கத்து வீட்டையோ கைகாட்டுவார்கள். அதிலிருந்து தொடங்கும் பகை, நோய் தீர்ந்த பிறகும் தீராது. கூசாமல் ஆள் காட்டுகிற சாமியாடிகள் பெரும் பாவம் செய்கிறார்கள்.

ஆள் காட்டாமலே ஒரு கோயில் துணை நிற்கலாம். தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற ஊரில் முத்துசாமி கோயில் இருக்கிறது. மனம் கலங்கியவர்கள் உறவினர் துணையோடு அங்கே சில வாரங்கள் தங்குவார்கள். தங்கியிருந்த 31 பேரை ஆராய்ந்த மருத்துவர்கள் 2002-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நோயின் கடுமை சராசரியாக ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. அங்கே பேயோட்டவில்லை. காலையில் சின்னதாக ஒரு பூசை; பிறகு கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. 31 பேரை வைத்து எல்லாம் முடிவாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் விரட்டாத ஓர் இடமும் கூட இருக்க ஓர் ஆளும் எவ்வளவு செய்யும் என்பது தெரிகிறது. அதைத் தெய்வத்தின் வேலை என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

அதே தமிழ்நாட்டில்தான் ஏர்வாடியும் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்காவை நம்பி அழைத்து வரப்பட்டவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்த ஒரு காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியைக் கையில் எடுத்தபின் அங்கே என்ன பக்தி?

மனம் கலங்குவதில் சூழலுக்கும் பங்கு உண்டு என்பதற்கு நம் கெடாவிலேயே ஒரு பாடம் இருக்கிறது. பீடோங் ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமியின் தொண்டர் படை 1947-ல் கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளம்பியது. போலீசிடம் அடிபட்டார்கள், உயிரும் போனது. ஒரு மனிதனை உடைப்பது அவன் தலைக்குள் மட்டும் இல்லை, தோட்டத்துக் கள்ளுக்கடையிலும் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று தோட்டத்து லய வீடுகள் பெரும்பாலும் போய்விட்டன. அடுக்குமாடியில் கதவைச் சாத்திக்கொண்டால், ஒருவன் பத்து நாள் வெளியே வராவிட்டாலும் எதிர்வீட்டுக்குத் தெரியாது.

ஆலய நிர்வாகத்தாரே, கும்பாபிஷேகத்துக்கு லட்சங்கள் திரட்டுகிறோம். பூசை முடிந்ததும் பூட்டுகிற மண்டபத்தைப் பகலில் திறந்து வையுங்கள். வந்து உட்காருபவருக்கு ஒரு தேத்தண்ணி கொடுங்கள். பெருக்க ஒரு துடைப்பம் கொடுங்கள். திருவிழா அட்டவணை ஒட்டுகிற பலகையில் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணையும் எழுதிப் போடுங்கள்: 15555.