மூழ்கிய தோணியும் மூழ்காத தோணியும்

பழம்பொருள் ஒன்று நம் கைக்கு வந்து சேருமிடத்து, அது தன் தகுதியினாலேயே வந்து சேர்ந்தது என எண்ணுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. காலத்தை வென்றது என்கின்றோம். நின்று நிலைத்தது என்கின்றோம். இவ்வெண்ணம் சரிதானா என்னும் ஐயத்தை என்னுள் எழுப்பியது உடைந்துபோன ஒரு மரத்தோணி.

கேரளத்தில், சேர்த்தலைக்கு அண்மையிலுள்ள கடக்கரப்பள்ளியில், தைக்கல் என்னுமிடத்தில், 2002ஆம் ஆண்டு அத்தோணி நிலத்துக்கடியிலிருந்து வெளிப்பட்டது. 18 மீற்றருக்கு மேற்பட்ட நீளமும், தட்டையான அடியும், இரும்பாணியால் இணைத்த பலகைகளும் கொண்டது அது. ஆழம் குறைந்த காயல்களிலே சரக்கேற்றிச் செல்வதற்கு இசைந்த அமைப்பு. காபன் காலக்கணிப்பு அதனை இடைக்காலத்தது எனக் காட்டிற்று. சேற்றினுள் காற்றுப் புகாமையால் மரம் முற்றாக அழுகவில்லை. எங்கோ பயனற்றுப்போய்க் கைவிடப்பட்ட ஒரு தோணி, பல நூற்றாண்டுகளின் பின்னர் மரக்கல ஆய்வாளரின் கட்டுரைகளில் இடம்பெறலாயிற்று.

அதே காலத்தில் அக்காயல்களில் ஓடிய பிற தோணிகள் எங்கே? அவை கரைசேர்ந்திருக்கும், சரக்கை இறக்கி, மீண்டும் ஏற்றியிருக்கும். பலகை தேய்ந்தபோது பலகை மாற்றப்பெற்றிருக்கும். மாற்றவும் இயலாத நாளிலே பிரிக்கப்பட்டு, வேலிக்கும் விறகுக்கும் ஆகியிருக்கும். தன் கடமையை முற்றச் செய்து முடித்த தோணி சாம்பலாயிற்று; இடைவழியில் வீழ்ந்த தோணியே சான்றாயிற்று. நமது வரலாற்றறிவு எத்துணை தற்செயலானது என்பதனை இது காட்டுகின்றது. ஆனால் என்னை வருத்துவது அறிவு பற்றிய வினா மட்டுமன்று. எஞ்சியவற்றுக்கே மதிப்பளித்துப் பழகிய நாம், எஞ்சாதவற்றுக்கு அநீதி செய்கின்றோமா?

கண்டியில் வாழும் நமக்குத் தோணி அந்நியமான பொருளாகத் தோன்றலாம். பேராதனையில் நாம் நாளும் காணும் மகாவலி, பாறையும் விரைவும் மிக்கது; சரக்குத் தோணிக்கு இடங்கொடாதது. எனினும் மலைநாட்டில் உப்பு விளைவதில்லை. கண்டி இராச்சியம் உப்புக்குக் கரையோரத்தையே நம்பியிருந்தது. 1766ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் கைக்குச் சென்றபின், அத்தேவையே அரசனுக்கு ஒரு விலங்காயிற்று. ஒல்லாந்தரும் பின்னர் ஆங்கிலேயரும் வெட்டிய கால்வாய்கள், புத்தளத்தையும் நீர்கொழும்பையும் கொழும்பையும் களப்புகளினூடே இணைத்தன. களனி கங்கையில் ருவான்வெல்லை வரை தோணிகள் ஏறின, அதற்கப்பால் மலைவழி. இவ்வழிகளில் ஓடிய தட்டையடித் தோணியைச் சிங்களத்தில் 'பாரு' என்பர். கிடுகினால் வளைவாக வேய்ந்த கூரையின் கீழே உப்பும் கொப்பராவும் கிடக்கும். மரக்கோல் தாங்கி அதனைச் செலுத்துவர். நாம் உண்ட உப்பின் கதையில் அத்தோணிக்கும் ஓர் இடமுண்டு. ஆயினும் உப்பு எத்தனை அந்தர் என்று எழுதிவைத்த கணக்கர், மரக்கோல் பிடித்தவனை எழுதுவதற்குக் காரணம் எதனையும் கண்டிலர்.

தத்துவ மாணவர் இவ்விடத்துத் தீசியசின் கப்பலை நினைவுகூர்வர். அதன் உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிய அதென்சு நகரத்தார், இறுதியில் நின்றது பழைய கப்பலோ புதிய கப்பலோ என வாதிட்டனராம். பாருவின் பலகைகளும் மாற்றப்பட்டவைதாம். அதனைக் குறித்து எவரும் வாதிட்டிலர். வீரன் ஒருவன் ஏறிவந்த மரமே மெய்யியலுக்குரிய மரம் என்பது எவ்வகை நியாயமோ, நானறியேன்!

பேராதனைக்கே வருவோம். 1830களின் தொடக்கத்தில் மகாவலியின் குறுக்கே ஆங்கிலேயர் முதிரை மரத்தால் ஒரு பாலம் அமைத்தனர். ஆணியோ இரும்போ இன்றி, 205 அடி அகலத்தை ஒரே வளைவினால் தாவிய பாலம் அது. 1867இல் புகையிரதம் கண்டியை அடையும்வரை, கோப்பி மூட்டைகளைச் சுமந்த மாட்டுவண்டிகள் அதன்மேல் ஊர்ந்து கொழும்புக்குச் சென்றன. ஏறத்தாழ எழுபதாண்டுகள் இடிந்து வீழாது நின்ற அதனை 1905இல் கழற்றி எடுத்தனர். அது நடுவிலே முறிந்து வண்டிகளை ஆற்றில் வீழ்த்தியிருக்குமாயின், நாளும் இவ்விடத்தைக் கடக்கும் நம்முள் பலர் அதனை அறிந்திருப்பர்.

மரத்தைக் குறித்து இவ்வளவு கூறியது மனிதரைக் குறித்துக் கூறுவதற்கே. 1864இல் தென்னிந்தியத் தொழிலாளரை ஏற்றிவந்த ஆதிலட்சுமி என்னும் கப்பல் மூழ்கியது. 120 பேர் மாண்டனர் எனப் பதிவாகியுள்ளது. கப்பலின் பெயர் தெரிகின்றது; ஆண்டு தெரிகின்றது; தொகையும் தெரிகின்றது. மலையக வரலாறு எழுதுவோர் அதனைத் தவறாது குறிப்பிடுகின்றனர், குறிப்பிடவும் வேண்டும். ஆனால் அதே ஆண்டுகளில் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடே தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் நடந்தவர்களுள் வழியில் மாண்டோர் எத்தனைபேர் என்பதில் அறிஞர் இன்றும் ஒருமைப்பட்டிலர். மாளாது வந்துசேர்ந்து, கோப்பி பறித்து, பின்னர் தேயிலை நட்டு முடிந்தவர்களோ பேர்ப்பதிவுகளில் வெறும் எண்களாக நிற்கின்றனர்.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு. அதனை இலேசாகத் தள்ளிவிட இயலாது. சான்று இல்லாததைப் பற்றி வரலாறு என்ன கூற முடியும்? இரக்கத்தின் பேரால் இல்லாத பெயர்களையும் நிகழாத நிகழ்ச்சிகளையும் படைத்துவிட்டால், இறந்தவர்க்கு இன்னொரு தீங்கு செய்தவராவோம். இவ்வாதத்தை நான் ஏற்கின்றேன். ஆனால் சான்று இல்லை என்பதிலிருந்து, கூறத்தக்கது ஒன்றுமில்லை என்னும் முடிவுக்குத் தாவுவதை ஏற்கேன். உப்பின் கணக்கு இருக்குமாயின், அவ்வுப்பைச் சுமக்க எத்தனை பயணங்கள் வேண்டியிருந்தன என்று கேட்கலாம். ஒரு பயணத்துக்கு எத்தனை கைகள், எத்தனை இரவுகள் என்று கேட்கலாம். பெயர் கிடையாது, உழைப்பின் அளவேனும் கிடைக்கும். அக்கணக்கைப் போடாது விடுவது ஆய்வாளனின் அடக்கமன்று, அசட்டை என்றே நான் கருதுகின்றேன். பெயர் தெரியாத இடத்தைப் பெயர் தெரியாத இடமாகவே, வெற்றிடமாகவே, பக்கத்தில் விட்டுவைப்பதும் ஒருவகை மரியாதைதான். அவ்வெற்றிடத்தை மூடி, அடுத்த பந்திக்கு விரைவதுதான் நாம் செய்துவரும் தவறு.

இக்கட்டுரையை எழுதத் தொடங்கியபின், விடுமுறையில் தோட்டத்துக்குச் சென்றிருந்தேன். என் பாட்டியின் பாட்டி அவ்வழியே நடந்து வந்தவர் என்பது வீட்டில் வழங்கும் செய்தி. அவர் பெயர் என்ன என்று பாட்டியிடம் கேட்டேன். சற்று யோசித்து, தெரியாது என்றார். தம் தாயார் அவரை 'ஆயா' என்றே சொல்லுவாராம்.

"வர்ற வழியில ஏதாச்சும் ஆச்சா, அப்பாயி?"

"ஒண்ணும் ஆகல. வந்து சேந்தா, வேலைக்குப் போனா. அதைப் போயி யாரு கேட்டு வச்சா?" என்று கூறிவிட்டு, அடுப்பைக் கவனிக்க எழுந்து சென்றார்.