அடுப்பைத் தேர்ந்தெடுப்பவர் யார்?

ஒரு பொருளை வாங்குமுன் நாலையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அறிவுடைமை. கத்தரிக்காய் வாங்குபவளும் அதையே செய்கிறாள். கப்பல் வாங்குபவனும் அதையே செய்கிறான். ஆயினும், ஒப்பிட்டுத் தெரிந்தெடுக்கும் வாய்ப்பு யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று கேட்ட மாத்திரத்தில், கடைவீதிப் பிரச்சினை அறப் பிரச்சினையாக மாறிவிடுகிறது. சமையல் அடுப்பை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

மேலைநாட்டுச் செல்வர் இல்லங்களில் அடுப்பும் போறணையும் ஒன்றாய் இணைந்த பேரடுப்புகள் உண்டு. சிலவற்றின் விலை பல்லாயிரம் டொலர். பாரிஸ் நகரில் 1908இல் தோன்றிய லா கோர்னு நிறுவனம் வளைவுக் கூரையமைந்த போறணையைத் தன் சிறப்பாகச் சொல்கிறது. அமெரிக்காவின் வைக்கிங், வோல்ஃப் ஆகியன உணவுச்சாலைகளுக்குரிய பெருந்தீயை இல்லத்துக்குள் கொண்டுவந்தவை. சுவீடனில் பிறந்து இங்கிலாந்தில் புகழ்பெற்ற 'ஆகா' அடுப்போ, கனத்த வார்ப்பிரும்பில் வெப்பத்தைத் தேக்கிவைத்து, இரவும் பகலும் சூடு ஆறாதிருக்கும் வகையில் அமைக்கப்பட்டது.

இவற்றுள் ஒன்றைத் தெரிய விரும்புவோர் நாட்கணக்கில் ஆராய்கின்றனர். பெருந்தீ எவ்வளவு வலிவுடையது? சிறுதீ அணையாமல் நிற்குமா? போறணைக்குள் வெப்பம் சீராகப் பரவுமா? புகையையும் ஆவியையும் வெளியேற்ற என்ன ஏற்பாடு? பழுதுற்றால் உதிரிப்பாகமும் திருத்துபவரும் அண்மையில் உண்டா? இக்கேள்விகளை நாம் எள்ளி நகையாட வேண்டியதில்லை. இவை மிக நல்ல கேள்விகள். ஓர் அடுப்பைப் பற்றி மனிதர் கேட்கக்கூடிய கேள்விகளுள் இவற்றைவிடச் சிறந்தவை அரிது.

இதே கேள்விகளைப் புத்தளம் மாவட்டத்துக் கரையோரமாகிய பள்ளிவாசல்துறைக்குக் கொண்டு செல்வோம். அப்பகுதியில் தென்மேற்குப் பருவக்காற்று மாதக்கணக்கில் ஓயாது வீசும். அந்தக் காற்றை நாடித்தான் பட்டச் சறுக்கு விளையாட்டுக்காரர் உலகெங்குமிருந்து கற்பிட்டிக்கு வருகின்றனர். ஓலைக் குசினியில் மூன்று கல்லை வைத்துச் சிரட்டையும் பொச்சுமட்டையும் கொக்கரையும் எரிப்பவளுக்கு அதே காற்று பகை. தீயைச் சிதறடிக்கிறது, புகையைத் திருப்பி முகத்தில் அறைகிறது, பொறியை ஓலைக்குக் கொண்டு செல்கிறது. எரிவாயு அடுப்பு வாங்கினாலோ, உப்புக்காற்று இரும்பை அரிக்கிறது. தீயின் அளவு, புகையின் வழி, உலோகத்தின் தரம், திருத்துவோரின் அண்மை ஆகிய நான்கையும் ஆராய்ந்து வாங்க வேண்டிய தேவை பாரிஸ் மாளிகையைவிட இந்தக் குசினிக்கே அதிகம். தேவை இங்கே இருக்கிறது. தேர்வு அங்கே இருக்கிறது. நம் காலத்தின் அநீதியை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இது ஓர் ஊரின் கதையன்று. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது இலங்கை இல்லங்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவை விறகையே முதன்மை எரிபொருளாகக் கொண்டிருந்தன. சமையற் புகையும் அதையொத்த வீட்டுக் காற்று மாசும் 2020இல் உலகெங்கும் சுமார் 32 இலட்சம் உயிர்களைக் கொண்டு சென்றன என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. கற்பிட்டிக் குடாநாட்டிலேயே, நுரைச்சோலையில், 900 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையம் நிற்கிறது. நாட்டுக்கு ஒளிதரும் பெரும் உலையின் அயலிலேயே, கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதுகுழலை ஊதும் பெண்ணும் இருக்கிறாள்.

"ஏழை எரிவாயுவுக்கு மாறலாமே" என்று கேட்போருக்கு அண்மை வரலாறு விடை சொல்லும். 2021 அக்டோபர் தொடக்கத்தில் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவாயிற்று. இடையே, 2021 இறுதியில், எரிவாயு அடுப்புகள் வெடித்த செய்திகள் நாளும் வந்தன. சிலிண்டருக்குள் இருந்த வாயுக்கலவையின் விகிதம் மாற்றப்பட்டிருந்தது பின்னர் வெளிப்பட்டது. தன் அடுப்பில் எரிவது எது என்பதையே அறியாதவள் எதனோடு எதனை ஒப்பிடுவாள்? பிறகு வாயுவே கிடைக்காத நாட்கள் வந்தன. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு உயர்ந்தது. மீனவர் குடும்பத்துக்கு அது இரட்டை அடி: படகின் இயந்திரத்துக்கும் அதே எண்ணெய், வீட்டு அடுப்புக்கும் அதே எண்ணெய். மறுபடியும் மூன்று கல்லுக்குத் திரும்பியோர் தேர்ந்தெடுத்துத் திரும்பியவரல்லர்; துரத்தப்பட்டுத் திரும்பியவர்.

இங்கே 'ஆகா' அடுப்பின் பிறப்பை நினைவுகொள்வது பயன்தரும். அதனை 1922இல் உருவாக்கிய குஸ்தாவ் தாலேன், கலங்கரை விளக்குகள் தாமே இயங்க வழிகண்டு, 1912இல் பௌதிகத்துக்கான நோபெல் பரிசு பெற்றவர். அதே ஆண்டு வாயு வெடிப்பொன்றில் கண்பார்வை இழந்தார். வீட்டில் முடங்கியிருந்த வேளையில், அடுப்போடு தம் மனைவி படும் பாட்டை உணர்ந்தே அவ்வடுப்பை வகுத்தார் என்பர். சமைப்பவளின் களைப்பைத் தீர்க்கப் பிறந்த கருவி, பின்னாளில் உடையவரின் அந்தஸ்தைக் காட்டும் அணிகலனாயிற்று. பொருளின் பயன் ஒரு கையிலும் பெருமை இன்னொரு கையிலும் சேரும்போது நிகழ்வது இதுதான். பேரடுப்பு நிற்கும் பல வீடுகளில், அதன்முன் நின்று வேகுபவள் கூலிக்கு வந்த பணிப்பெண். அவளைக் கேட்டா அதை வாங்கினார்கள்?

அந்தக் கேள்வியைச் செல்வரோடு நிறுத்துவது நேர்மையன்று. நம் வீடுகளிலும் பணத்தை எண்ணிக் கொடுப்பவன் ஒருவன், புகையைக் குடிப்பவள் ஒருத்தி. மோட்டார் சைக்கிளின் வகைகளை ஒரு வாரம் ஒப்பிடும் ஆசிரியர், குசினிக்குப் புகைபோக்கி வைக்க ஒரு மணிநேரம் சிந்தித்ததுண்டா? முற்போக்கு பேசும் வாயும் அவள் ஆக்கிய சோற்றைத்தான் உண்கிறது.

இன்னொரு சாரார் உளர். விறகடுப்புச் சோற்றின் மணத்தையும் மண்சட்டிக் குழம்பின் சுவையையும் புகழ்ந்து உருகுவார்கள். சுவை உண்மைதான், ஆனால் புகழ்பவர் திண்ணையில் இருக்கிறார், இருமுபவள் உள்ளே இருக்கிறாள். வறுமையைப் பண்பாடென்று போற்றுவது, ஆடம்பரத்தை நாகரிகமென்று போற்றுவதினின்றும் பெரிதும் வேறுபட்டதன்று.

நல்லடுப்பு செல்வர்க்கே உரியது என்பதும் விதியன்று. ஐதராபாத்துப் பொறியியலாளர் எஸ். பி. ராஜு 1950களிலேயே ஏழை மக்களுக்கான புகையில்லா அடுப்பைப் பற்றி நூல் எழுதினார். இலங்கையில் 1980களில் சர்வோதயம் முதலிய அமைப்புகளின் முயற்சியால் திருத்திய மண்ணடுப்புகள் உருவாகின. அவற்றின் வழிவந்த 'அனகி' ஒரே மண் வடிவில் இரு பானைகளை ஏற்பது. முதற் பானைக்குப் போய் எஞ்சும் வெப்பம் இரண்டாவதைச் சேரும். மூன்று கல்லைவிட விறகு குறைவு, குயவருக்கும் தொழில். புகைபோக்கி இல்லாமை அதன் குறை. இந்தியாவில் 1980களில் தொடங்கிய அரசின் அடுப்புத் திட்டத்தில் இலட்சக்கணக்கானவை கட்டப்பட்டும், பல கைவிடப்பட்டன. பானையின் அளவையும் விறகின் வகையையும் சமைப்பவளின் வழக்கத்தையும் கேளாமல் கட்டியது அதற்கு ஒரு காரணம். இலவசமாகக் கொடுப்பவரும் அவளைக் கேட்கவேண்டும். தேர்வுரிமை அற்ற தானம் அரை நீதியே.

ஆகவே, விலையுயர்ந்த அடுப்பை ஒப்பிட்டு வாங்குவது பாவமா என்ற கேள்விக்கு நம் விடை: ஒப்பீடு பாவமன்று, ஒப்பீட்டைச் சிலரின் தனியுடைமை ஆக்கியதே பாவம். ஒருவர் தம் பணத்தால் வாங்கும் ஆராய்ச்சியை, மற்றவர்க்குப் பொதுநிறுவனங்கள் செய்து தரவேண்டும். அடுப்புகளைச் சோதித்து முடிவை மக்கள் மொழியில் வெளியிடுதல், வாயுவின் தரத்தை அறிவித்தல், கூட்டுறவுச் சங்கம் வழி தவணைக்கு வழங்குதல், வாங்கும் குழுவில் சமைக்கும் பெண்களே பெரும்பான்மையாய் இருத்தல் ஆகியன கேட்டுப்பெற வேண்டிய உரிமைகள்.

ஆசிரியரும் மாணவரும் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு தராசு, ஒரு கடிகாரம், ஒரே அளவான இரு பானை, ஒரே நிறை விறகு போதும். மூன்று கல்லில் ஒரு பானை நீரையும் மண்ணடுப்பில் ஒரு பானை நீரையும் கொதிக்க வைத்து, சென்ற நேரத்தையும் எஞ்சிய விறகையும் விஞ்ஞான வகுப்பிலேயே குறித்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கைத் தாய்மாரின் முன் வைத்து, "உங்களுக்கு எது வேண்டும்?" என்று கேட்கலாம். பல குசினிகளில் அக்கேள்வி கேட்கப்படுவது அதுவே முதன்முறையாக இருக்கும்.