எரித்தவனின் வருத்தம்

இறம்பொடையில் வெவண்டன் மலைச்சரிவிலே சின்மயா மிஷன் எழுப்பிய அனுமன் கோவிலின் முன்றிலில் நிற்பவர்க்கு, மகாவலித் திட்டத்தின் ஓர் அங்கமாய் 1985இல் நிறைவெய்தி, 201 மெகாவாட் மின்சாரம் தரவல்ல கொத்மலை நீர்த்தேக்கம் கீழே பரந்து தோன்றும். அதன் மேலே கோவில் கொண்டிருப்பவனோ, இராவணனுடைய நகரத்தைத் தீக்கிரையாக்கியவன் என்று இதிகாசம் போற்றும் வீரன். தேசத்தின் விளக்குகளுக்கு ஆதாரமான நீரையும், ஒரு நகரை எரித்த நெருப்பின் ஸ்மரணையையும் ஒருங்கே தாங்கும் அவ்விடத்தில், பகைவனுக்குப் பயன்படுகிறது என்ற காரணத்தால் பொதுமக்களின் எரிபொருளை அழிப்பதும், பகைவன் கைக்குப் போய்விடும் என்ற அச்சத்தால் அதனைப் பொதுமக்களுக்கு மறுப்பதும் தர்மமாகுமா என்ற வினா எழுதல் இயல்பே.

இவ்வினா வெறும் வேதாந்த விசாரம் அன்று. 1995 அக்டோபர் 20ஆம் திகதி கொலன்னாவையிலும் ஒருகொடவத்தையிலும் இருந்த எண்ணெய்த் தாங்கிகளை விடுதலைப் புலிகள் தாக்கியபோது, காவல் நின்றவர்கள் மாண்டனர். கொழும்பின் வானம் கரும்புகையால் மூடுண்டது. 2007 ஏப்ரலில், உலகக்கிண்ண இறுதியாட்டத்தை நாடே விழித்திருந்து பார்த்த இரவில், கொலன்னாவையும் முத்துராஜவெலவும் வான்வழியே தாக்கப்பட்டன. 2008 அக்டோபர் 28ஆம் திகதி களனிதிஸ்ஸ மின்னிலையத்தின் மீது குண்டு விழுந்தது. போரிடும் அரசின் நரம்பை அறுப்பதாகச் சொல்லிச் செய்யப்பட்டவை இவை. ஆயின் அந்த எண்ணெயால் இராணுவ வாகனம் மட்டுமன்றி, நோயாளியை ஏற்றிய வண்டியும், எளியவன் வீட்டு அடுப்பும் இயங்கின என்பதை எவர் மறுக்க முடியும்?

இங்கேதான் வால்மீகியின் சுந்தர காண்டம் நமக்கு ஓர் அரிய இடத்தைக் காட்டுகிறது. அனுமனின் வாலில் துணி சுற்றி எண்ணெய் வார்த்துத் தீ மூட்டியவர்கள் இராவணனுடைய ஆட்களே. எனவே இலங்கை வெந்ததற்கு முதற்காரணம் அவ்வரசின் அகந்தையே என்று வாதிப்பவருக்கு ஆதாரம் உண்டு. ஆனால் அந்த வாதத்தில் அனுமன் ஒதுங்கிக்கொள்ளவில்லை. நகரம் எரிந்தபின், இந்நெருப்பில் சீதையும் வெந்திருப்பாளோ என்ற எண்ணம் தோன்றிய கணத்திலே, கோபத்தை அடக்கமாட்டாத தன்னைத் தானே நிந்தித்து, உயிர்விடவும் துணிகிறான். ஜானகிக்குத் தீங்கில்லை என்று வானுலவும் சாரணர் பேசிக்கொள்வது செவியில் விழுந்த பின்னரே அவன் உள்ளம் ஆறுகிறது. காரியம் நியாயமானது, தீ மூட்டியவன் பகைவன், ஏவியவன் தெய்வம் என்ற மூன்று சமாதானங்களும் கையில் இருந்தும், உள்ளே வேறு யார் இருந்தார்கள் என்ற கேள்விக்குத் தான் பொறுப்பு என்று கருதியமையே அவனது பெருமை.

இதே கேள்வியை அரசின் முன்னும் வைத்தாக வேண்டும். 1990இல் போர் மீண்டும் மூண்ட பின், வடக்கிற்குப் பெற்றோலும் டீசலும் பற்றரியும் தடைசெய்யப்பட்டன. மண்ணெண்ணெய் அரிய பண்டமாயிற்று. ஜாம் போத்தலில் சிறிது எண்ணெய் விட்டுத் திரியேற்றி மாணவர் படித்தனர். சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். எரிபொருள் சென்றால் அது புலிகளின் படகுகளையும் இயக்கும் என்று அரசு சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால், ஆயுததாரிக்குச் செல்லும் வழியை அடைப்பதும், வைத்தியசாலைக்கும் குழந்தையின் புத்தகத்திற்கும் உரிய வெளிச்சத்தை அணைப்பதும் ஒன்றாகமாட்டா. எரிப்பவன் ஓரிரவில் செய்வதை மறுப்பவன் பல்லாண்டுகளில் செய்கிறான். பின்னவனுடைய கையில் புகை படிவதில்லை என்பதொன்றே வேற்றுமை.

மலையகத்தார்க்கு இவ்விஷயத்தில் தனித்ததோர் அநுபவம் உண்டு. நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் லக்சபான மின்னிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியும், மின்கம்பிகள் தோட்டங்களின் தலைக்கு மேலே கொழும்புக்குச் சென்றனவே அன்றி, ஸ்டோரும் துரை பங்களாவும் ஒளிபெற்ற நெடுங்காலம் லயன் காம்பராக்களில் குப்பி லாம்பே எரிந்தது. அணைகளின் நிழலில் இருளில் வாழ்ந்த அதே மக்கள், 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ்ச் சந்தேகத்திற்கும் ஆளாயினர். பங்கு கொடுக்காமல் விசுவாசத்தை மட்டும் கேட்பது அரசியல் ஆகலாம்; அறம் ஆகாது. வள்ளுவர் 'நாடு' என்னும் அதிகாரத்தை முன்வைத்து 'அரண்' என்பதை அதன் பின்னர் அமைத்ததில், காக்கத்தக்கதொரு நாடு முதலில் இருக்கவேண்டும் என்ற கருத்தை நாம் காணலாம்.

காவல் வேண்டாம் என்பதன்று என் துணிபு. தாங்கிக்கும் அணைக்கும் காவல் இன்றியமையாதது. ஆனால் காவலால் மட்டும் விநியோகம் நிலைக்காது என்பதை, போர் ஓய்ந்து பல்லாண்டு கழிந்த 2022ஆம் ஆண்டு உணர்த்திற்று. எந்தக் குண்டும் விழாமலே, அந்நியச் செலாவணி வற்றியதால் அந்த மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு நேர்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது, அடுப்புக்கும் விளக்குக்கும் அதையே நம்பியிருந்த ஏழைகள் திகைத்து நின்றனர். ஆகவே தட்டுப்பாடு எக்காரணத்தால் வந்தாலும், வைத்தியசாலை, குடிநீர், எளியவனுடைய அடுப்பு ஆகியவற்றுக்குரிய பங்கை முன்கூட்டியே ஒதுக்கி, அதனை எந்தத் தடையுத்தரவும் தொடாதவாறு சட்டமாக்குதல் அரசின் கடமை. அப்பங்கை அழிப்பவன் எக்கொடியைப் பிடித்திருந்தாலும் குற்றவாளி. மறுப்பவன் எம்முத்திரையைக் குத்தியிருந்தாலும் அவனும் குற்றவாளியே.