மயிலிறகின் நிறம்

போன மாதம் ஒரு மயிலிறகை மேஜைமேல் வைத்துப் படம் பிடித்தேன். மிகக் கிட்டத்தில் எடுக்கும் லென்ஸ். இறகின் கண்ணிலுள்ள நிறத்தை உள்ளது உள்ளபடி பிடித்துவிட வேண்டுமென்று ஆசை. இறகைச் சற்றே சாய்த்தால் பச்சை நீலமாகிறது. விளக்கை இறகுக்குப் பின்னால் வைத்தேனோ, எல்லாம் வெறும் பழுப்பு!

அந்தப் பழுப்புக்குக் காரணம் மெலனின். நம் தலைமயிரைக் கறுப்பாக்குகிற அதே சாயம். மெலனின் குச்சிகள் இறகுக்குள் கம்பி வலைபோல் வரிசையாக நிற்கின்றன. இடைவெளி, ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால் ஏறக்குறைய ஒன்றரைக் கூறு. அது சிறிது குறைந்தால் நீலம், கூடினால் மஞ்சள். நீலச் சாயம் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. மயிலிறகை நீரில் நனைத்தால் நிறம் மறைவதை 1665-லேயே ராபர்ட் ஹூக் எழுதி வைத்தார்.

அப்படியானால் மயிலின் நிறம் பொய்யா?

எனக்கு ஏழு வயதில், அக்கா என் கணக்குப் புத்தகத்துக்குள் ஒரு மயிலிறகை வைத்தாள். "குட்டி போடும்டா. அடிக்கடி திறந்து பார்க்காதே" என்றாள். உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். பத்தாம் நாள் குட்டி போட்டது! அடுத்த வாரம் அவள் பெட்டியில் கத்தரிக்கோலும் நறுக்கிய இறகும் கிடந்தன. "பொய்க்காரி!" என்று நாலு பேர் முன்னால் கத்தினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் எனக்குக் கதை சொல்வதையும் விட்டுவிட்டாள். உண்மையைக் கண்டுபிடித்துவிட்டதாக எனக்குப் பெருமை.

குட்டி அவள் நறுக்கி வைத்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "இதில் ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடலாமா? மயிலின் நீலம் மெலனினில் இல்லை. வெளிச்சத்தில் மட்டும் இல்லை. குச்சிகளின் வரிசையும், வெளிச்சமும், பார்க்கிறவன் நிற்கும் இடமும் கூடும்போது இருக்கிறது. மெய்யாகவே இருக்கிறது, காமிராவிலும் விழுகிறதே! அக்காவின் அன்பும் கத்தரிக்கோலில் இல்லை. அவள் பொறுமையாக நறுக்கியதும், நான் ராத்திரி போர்வைக்குள் புத்தகத்தைத் திறந்து பார்த்ததும் கூடிய இடத்தில் இருந்தது. நான்தான் விளக்கைப் பின்னால் வைத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னேன்.

அக்கா போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது. பழுப்பாக விழுந்த படத்தையும் நான் அழிக்கவில்லை. அதுவும் உண்மைதான். அது மட்டுமே உண்மை என்று மட்டும் இனி யாரைப் பார்த்தும் சொல்ல மாட்டேன்.