ஆர்ச்சிக்கு வயசு ஏறாது, உனக்கு?



1946ல் அமெரிக்கச் செய்தித்தாள்களில் தினமும் வர ஆரம்பித்தது 'ஆர்ச்சி' படக்கதை. பாப் மோன்டானா என்பவர் 1975ல் மரிக்கும்வரை அதை வரைந்தார். கதை என்ன? பெட்டி, வெரோனிகா என்று இரண்டு பெண்கள். இன்றைக்கு ஒருத்தியோடு, நாளைக்கு மற்றவளோடு. எத்தனை வருஷமானாலும் ஆர்ச்சி பள்ளிக்கூடப் பையன்தான். தீர்மானம் எடுக்க அவனுக்கு அவசரமே இல்லை.

தம்பி, உனக்கு வயசு ஏறுதே! நீ ஆசை காட்டி இழுத்தடிக்கிற பிள்ளை காகிதத்தில் வரைந்த படமா? ஒரு தகப்பன் பெற்ற மகள் அல்லவா? அவள் வடிக்கிற கண்ணீர் பேனா மையா? கர்த்தர் அதைக் கணக்கில் வைத்திருக்கிறார் (சங். 56:8). இருமனமுள்ளவன் எப்படிப்பட்டவன் என்று யாக்கோபு 1:8ல் வாசித்துப் பார்.

ஆல் ஹார்ட்லி என்ற ஓவியர் ஆண்கள் பத்திரிகைக்குக் கவர்ச்சிப் படம் வரைந்துகொண்டிருந்தார். 1967ல் கர்த்தர் அவரை இரட்சித்தார். அந்த வேலையை உதறினார்! பிறகு ஆர்ச்சி கதைகளை வரைந்தார். 1970களில் அதே ஆர்ச்சியை வைத்தே சுவிசேஷப் படக்கதைகளும் வரைந்தார். கை அதே கைதான், எஜமான் மாறிவிட்டார். அல்லேலூயா!

இன்றைக்கே முழங்காலில் நில். வஞ்சித்த பிள்ளையிடம் மன்னிப்புக் கேள். உன் 'ஆம்' ஆம் என்றே இருக்கட்டும். கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.